யார் அந்த இடத்தில் நிற்கிறான்?

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலில் ஆளாளுக்கு எழுதுகிறார்கள். நாட்குறிப்பு, கடிதம், தந்தி, ஃபோனோகிராஃப் பதிவு. டிராகுலாவின் பேச்சு மட்டும் பிறர் குறிப்புகளுக்குள் அகப்பட்டுத்தான் நமக்கு வந்து சேர்கிறது. கிழக்கிலிருந்து லண்டனுக்குள் நுழையும் அந்நியனுக்குச் சொந்தக் கதையாடல் கிடையாது. கடைசியில் அவன் கழுத்தை அறுப்பதுகூட கூர்க்காக்களின் குக்ரிக் கத்திதான்.

1992இல் கொப்போலா எடுத்த படம் ஸ்டோக்கரின் பெயரையே தலைப்பில் வைத்துக்கொண்டது. ஆனா பிரதியில் இல்லாத ஒரு காதலைச் சேர்த்தது. 1462இல் துருக்கியரோடு போரிடுகிறான் கிறித்தவ வீரன் ஒருவன். அவன் செத்துவிட்டதாகத் துருக்கியர் அனுப்பிய பொய்ச்செய்தியை நம்பி மனைவி ஆற்றில் விழுகிறாள். அவள்தான் பிறகு லண்டனில் மினா. பூர்வஜென்ம சமாச்சாரம்!

சும்மா சொல்லக்கூடாது, எய்கோ இஷியோகாவின் உடைகள் பிரமாதம், ஆஸ்கர் வாங்கியவை. கணினியை நம்பாமல் பழைய கேமரா வித்தைகளாலேயே மாயக்காட்சிகளை எடுத்திருப்பதும் எனக்குப் பிடித்தது.

என் பிரச்சினை வேறு. அந்நியனுக்குப் படம் கண்ணீர் கொடுத்தது, சரி. ஆனா அவனை மனிதனாக்க, முதலில் சிலுவைக்காகக் கொன்றவனாக்க வேண்டியிருந்தது. மற்றமையின் இடம் காலியாகவில்லை. டிராகுலா நகர்ந்ததும் துருக்கியனை அங்கே நிறுத்திவிட்டார்கள். சிவந்த வானத்தின் முன் கழுவேற்றப்பட்ட உடல்களைப் பாருங்கள், வெறும் நிழலுருவங்கள். ஒருவனுக்கும் முகம் இல்லை.