நாற்சந்தியில் தடுமாறும் ரோம்

பண்டைய ரோமானிய ஊர்களைக் கணினித் திரையில் திரும்ப எழுப்புவதற்கென்றே ‘சீசர்’ என்ற பெயரில் ஒரு விளையாட்டு வரிசை உண்டு. முதல் பாகம் 1992-இல் வந்தது; இரண்டாவது 1995-இல், மூன்றாவது 1998-இல். இந்த மூன்றையும் இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. நான்காவதை 2006-இல் டில்டட் மில் என்ற வேறொரு நிறுவனம் செய்தது. இவற்றில் காலத்தைத் தாண்டி நின்றது மூன்றாவதுதான். அதன் நிரலைத் தன்னார்வலர்கள் புதிதாக எழுதி, ‘ஜூலியஸ்’, ‘அகஸ்டஸ்’ என்ற பெயர்களில் இன்றைய கணினிகளிலும் ஓடும்படி செய்திருக்கிறார்கள்.

‘சீசர் 3’-இல் ஆடுபவர் ஓர் ஆளுநர். பேரரசர் அனுப்பிய இடத்தில் வெற்று நிலம் இருக்கும், அதன் குறுக்கே ஒரு சாலை ஓடும், கருவூலத்தில் கொஞ்சம் தெனாரியஸ் நாணயம் இருக்கும். இதை வைத்து ஊரைக் கட்ட வேண்டும். கடன் 5,000 தெனாரியஸ் வரை போகலாம். அதற்கு மேல் ஒரு செங்கல்லும் வைக்க முடியாது. லண்டினியம், லுக்டுனம், மசிலியா, லுட்டீஷியா என்று ஆட்டம் கொடுக்கும் இடங்கள் எல்லாம் வரலாற்றில் இருந்தவை. ஆனால் பெயர்தான் அவற்றுடையது. லண்டினியம் என்று எழுதப்பட்ட நிலத்தில் ஆடுபவர் தன் விருப்பப்படி எதையும் கட்டலாம். உண்மையில் இருந்த ஓர் ஊரை, அதன் தெருக்கள் மாறாமல், இந்த ஆட்டத்துக்குள் கொண்டுவர முடியுமா என்பது வேறு கேள்வி.

அந்தச் சோதனைக்கு டிம்காட்டை விடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. அல்ஜீரியாவில் ஓரேஸ் மலைகளின் வடபுறத்தில், கி.பி. 100-ஆம் ஆண்டையொட்டிப் பேரரசர் டிராஜன் உண்டாக்கிய ஊர் இது. தமுகாடி என்பது அதன் பழைய பெயர். மூன்றாம் அகஸ்டா படையணியிலிருந்து ஓய்வு பெற்ற வீரர்களைக் குடியேற்றக் கட்டப்பட்டது. பிற்காலத்தில் மணல் மூடிப் பாதுகாத்ததால், 1881-இல் அகழாய்வு தொடங்கியபோது தெருவமைப்பு குலையாமல் வெளிவந்தது. யுனெஸ்கோ 1982-இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மேலிருந்து பார்த்தால் யாரோ அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்கும். ஒரு பக்கம் ஏறத்தாழ 350 மீட்டர் கொண்ட சதுரம். வடக்கிலிருந்து வரும் கார்டோ என்ற பெருந்தெரு, கிழக்கு மேற்காகப் போகும் டெக்குமானஸ் என்ற பெருந்தெரு. இடையில் நூற்றுக்கு மேற்பட்ட சதுர மனைப்பகுதிகள். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 20 மீட்டர் அளவு. நிலத்தில் ஒரு கம்பை நட்டு, அதன் தலையில் குறுக்குச் சட்டம் பொருத்தி, நான்கு முனைகளிலும் தூக்குநூல் கட்டித் தொங்கவிடும் ‘குரோமா’ என்ற கருவியைக் கொண்டு ரோமானிய நில அளவையர்கள் இத்தகைய நேர்கோடுகளைப் பிடித்தார்கள்.

திரையில் வேலை சுலபம் என்றுதான் தோன்றும். ‘சீசர் 3’-இன் நிலமே கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டது. சாலை நேராகத்தான் போகும், சாய்வாகப் போகாது. ஒரு மனைப்பகுதிக்கு இரண்டுக்கு இரண்டு கட்டம், இரண்டு மனைகளுக்கு நடுவே ஒரு கட்ட அகலச் சாலை என்று வைத்தால், மொத்த ஊரும் பக்கத்துக்கு நாற்பது கட்டங்களுக்குள் அடங்கிவிடும். ஆட்டத்தின் பெரிய நிலப்படம் பக்கத்துக்கு 160 கட்டம் கொண்டது. ஆக, தமுகாடியை வரைந்து முடிக்கக் கால் மணி நேரம் போதும். அதற்குப் பிறகு குடிவந்தவர்களின் வீடுகள் ஒவ்வொன்றாக எரிகின்றன.

காரணம் நெருப்பல்ல, நாற்சந்திகள். இந்த ஆட்டத்தில் எந்தச் சேவையும் காலால் நடந்துதான் வீட்டுக்கு வரும். தீயைத் தடுக்கும் பிரிஃபெக்ட், கட்டடம் இடியாமல் பார்க்கும் பொறியாளர், கோயில் பூசாரி, பள்ளிப் பிள்ளைகள், வரி வசூலிப்பவர் என்று ஒவ்வொருவரும் தத்தம் கட்டடத்திலிருந்து புறப்பட்டுத் தெருவில் நடப்பார்கள். அவர்கள் கடந்துபோகும் வீடுகளுக்குத்தான் அந்தச் சேவை கிடைக்கும். சேரிடம் இன்னதென்று அவர்களுக்குக் கிடையாது. சந்தி வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்பது கிட்டத்தட்டச் சீட்டுக் குலுக்கல்தான். குறிப்பிட்ட தூரம் அலைந்ததும் திரும்பிவிடுவார்கள். டிம்காட்டின் அமைப்பில் ஒவ்வொரு மனையின் மூலையிலும் ஒரு நாற்சந்தி இருக்கிறது. பிரிஃபெக்ட் நிலையத்திலிருந்து கிளம்பும் ஆள் முதல் சந்தியில் இடப்புறம் திரும்புகிறான், அடுத்ததில் வலப்புறம், அதற்கடுத்ததில் மறுபடி இடப்புறம். ஒரே தெருவை நான்கு தடவை சுற்றி வந்தவன் பக்கத்துத் தெருவை ஒரு தடவையும் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே கூரை பற்றிக்கொண்ட பிறகுதான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். சந்தைப் பெண்ணும் அப்படியே. களஞ்சியத்திலிருந்து கூடை சுமந்த பையன்கள் வரிசையாகப் பின்தொடர வந்து சேர்வாள். தானியத்துக்குக் குறைவே இராது. ஆனால் விற்கப் போகும் பெண் எந்தச் சந்தில் நுழைவாள் என்று தெரியாததால், களஞ்சியம் நிறைந்திருக்கும் ஊரில் ஒரு தெரு பட்டினி கிடக்கும்.

அதனால் இந்த ஆட்டத்தில் கைதேர்ந்தவர்கள் கட்டும் ரோமானிய ஊரில் ரோமானியத் தெருவமைப்பைப் பார்க்கவே முடியாது. சந்தியே இல்லாத நீண்ட வளையமாக ஒரு சாலை போட்டு, அதன் இருபுறமும் வீடுகளை வைப்பார்கள். ஒரு வளையத்தை மற்றொன்றோடு சேர்க்கும் இடத்தில் கோட்டை வாயில் ஒன்றை நட்டுவிடுவார்கள். அலையும் ஆட்கள் அதைத் தாண்டுவதில்லை, வண்டி இழுப்பவர்கள் தாண்டுவார்கள். எதிரியை மறிக்க வேண்டிய வாயில் ஊருக்கு நடுவே நின்று சொந்த ஊர்க்காரரையே மறிக்கிறது. இந்தத் தந்திரம் பரவலாகியதோ என்னவோ, அதே இம்ப்ரெஷன்ஸ் நிறுவனம் உருவாக்கி 1999-இல் வெளிவந்த ‘ஃபேரோ’ விளையாட்டில் சாலைத் தடுப்பு என்று ஒன்றைத் தனியாகவே கொடுத்துவிட்டார்கள். ‘அகஸ்டஸ்’ நிரல் அதை ரோமுக்கும் கொண்டுவந்தது. சந்திகளில் தடுப்பு வைத்தால் டிம்காட் ஒருவாறு நிமிர்ந்து நிற்கிறது. எத்தனை சந்தி என்று எண்ணிப் பார்ப்பவருக்கு அலுப்புத் தட்டுவது வேறு விஷயம்.

உண்மையான ஊரில் சந்தி சுமையாக இருந்ததில்லை, அதுவே முதல். ரோமானிய ஊரான பாம்பேயில் கி.பி. 79-ஆம் ஆண்டு எரிமலைச் சாம்பலில் புதைந்த தெருக்களில், சூடான உணவும் பானமும் விற்ற கடைகள் தெருமுனைகளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நான்கு பக்கமும் ஆள் வரும் இடத்தில் கடை போடுவது எந்த ஊரிலும் வழக்கம். ஆட்டத்தின் ஆளுக்குப் போகுமிடம் தெரியாது, பாம்பேக்காரருக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயத்தில் ஆட்டம் பாதி சரி, பாதி தப்பு. நீர்த்தேக்கத் தொட்டி ஒன்று நீர்நிலையை ஒட்டி இருக்க வேண்டும். அதிலிருந்து வளைவுகள் தாங்கிய நீர்வழியால் அடுத்த தொட்டிக்கு இணைப்பு. அந்தத் தொட்டியின் எல்லைக்குள் வைத்தால்தான் தெரு நீரூற்று ஓடும். நீரூற்றின் எல்லைக்குள் வரும் வீடுகளுக்கே தண்ணீர். பாம்பேயின் ஏற்பாடு ஏறக்குறைய இதுதான். ஊரின் உயரமான வெசுவியஸ் வாயிலருகே தண்ணீரைப் பிரித்தனுப்பும் கட்டடம், அங்கிருந்து ஈயக் குழாய்கள், வழியில் அழுத்தத்தைக் குறைக்கத் தூண் மேல் வைத்த தொட்டிகள், கடைசியில் தெருவோரக் கல்தொட்டிகள். அப்படிப்பட்ட பொது நீரூற்றுகள் நாற்பது அளவில் இருந்தன. பலரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள்.

தப்பு எங்கே என்றால், ஆட்டத்தில் வாட்டம் பார்க்க வேண்டியதில்லை. எவ்வளவு தூரத்துக்கு இழுத்தாலும் தண்ணீர் ஓடும். பிரான்ஸில் நீம் நகரத்துக்கு ரோமானியர் வெட்டிய நீர்வழி சுமார் 50 கிலோமீட்டர் நீளம்; தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே மொத்த இறக்கம் 20 மீட்டரைக்கூட எட்டாது. இந்த நுண்ணிய வாட்டத்தைக் காப்பதற்காகவே கார் ஆற்றின் குறுக்கே ஏறக்குறைய 49 மீட்டர் உயரத்துக்கு மூன்றடுக்கு வளைவுகள் கொண்ட போன் து கார் பாலம் எழுந்தது. கணக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. டிராஜன் காலத்தில் பித்தினியாவின் ஆளுநராக இருந்த இளைய பிளினி, நிக்கோமீடியா ஊரார் ஒரு நீர்வழிக்கு 33,18,000 செஸ்டர்ஸ் செலவழித்துப் பாதியில் விட்டதையும், இன்னொன்றுக்கு 2,00,000 செலவழித்து அதையும் கைவிட்டதையும் பேரரசருக்குக் கடிதமாக எழுதினார். கடன் எல்லையில் மாட்டிக்கொண்டு, அரைகுறை நீர்வழியை இடித்துத் தள்ளும் ஆட்டக்காரருக்கு இந்தக் கடிதம் நன்றாகவே புரியும்.

அதே பிளினியின் மற்றொரு கடிதம் பிரிஃபெக்ட் விவகாரத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது. நிக்கோமீடியாவில் பெரிய தீ விபத்து நடந்தபின், 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு ஒன்றை அமைக்கலாமா என்று அவர் அனுமதி கேட்டார். டிராஜன் மறுத்துவிட்டார். எந்தப் பெயரில் ஆட்கள் கூடினாலும் கடைசியில் அரசியல் சங்கமாகிவிடும் என்பது அவர் பயம். தீயணைக்கும் சாமான்களை வாங்கி வைத்தால் போதும், வீட்டுக்காரர்களே அணைத்துக்கொள்ளட்டும் என்று பதில் போட்டார். ரோம் நகரத்தில் மட்டும் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 6-இல் ஏழு பிரிவுகளாகத் தீக்காவல் படையை அமைத்திருந்தார். ஒரு பிரிவுக்கு நகரத்தின் இரண்டு வட்டாரங்கள். ஆட்டம் தலைநகரின் வசதியை எல்லாச் சிற்றூர்களுக்கும் கொடுத்துவிட்டது. டிம்காட்டைத் தெருவுக்குத் தெரு பிரிஃபெக்ட் நிலையங்களால் நிரப்புபவர், அந்த ஊரை உண்டாக்கியவர் விரும்பாத ஒன்றைத்தான் செய்கிறார்.

ஃபோரத்தின் கதி இன்னும் பரிதாபம். ‘சீசர் 3’-இல் அது இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் ஒரு வரி அலுவலகம். டிம்காட்டில் அது ஊரின் நடு முற்றம்: வழக்கு மன்றம், ஊரவை, சிலைகள், தூண் வரிசை, கூடிப் பேசும் இடம் எல்லாம் அதுதான். அந்த முற்றத்தின் கல்லில் யாரோ ஓர் ஆட்டப் பலகையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆறு சொல், சொல்லுக்கு ஆறு எழுத்து, ஆக 36 எழுத்து, அத்தனையும் காய் நிற்கும் இடங்கள். வேட்டை, குளியல், விளையாட்டு, சிரிப்பு, இதுதான் வாழ்க்கை என்பது அந்தச் சொற்களின் பொருள். வரி கட்ட வந்தவன் செதுக்கியதாகத் தெரியவில்லை. குளியலை ஊரார் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அங்கே கண்டெடுக்கப்பட்ட பதினான்கு குளியலகங்களே சாட்சி.

வீடுகளில் இருபது படிகள் வைத்திருக்கிறது ஆட்டம். கூடாரத்தில் தொடங்கிக் குடிசை, காசா, இன்சுலா, வில்லா என்று ஏறி அரண்மனையில் முடியும். தண்ணீர், உணவு, கோயில், பள்ளி, மண்பாண்டம், மது என்று கேட்டது கிடைக்கக் கிடைக்க வீடு தானாக வளரும். ஒன்று நின்றாலும் படி இறங்கும். பட்டறையோ கிடங்கோ அருகில் இருந்தால் பணக்கார வீடு எழும்பாது. ஆகவே ஆட்டக்காரர்கள் செல்வர் குடியிருப்பை ஒரு கோடியிலும் தொழிலிடங்களை மறுகோடியிலும் ஒதுக்குகிறார்கள். பாம்பேயில் அப்படி ஒதுக்கம் எதுவும் இல்லை. பெரிய வீட்டின் தெருப்பக்க அறைகள் வாடகைக் கடைகள், அதே மனையில் ரொட்டி அடுப்பு, மேலே குடித்தனங்கள். அங்கே ஒரு சுவரில் எழுதப்பட்ட விளம்பரம், ஜூலை முதல் தேதியிலிருந்து கடைகளும் மாடி அறைகளும் ஒரு வீடும் வாடகைக்கு உண்டு என்று சொல்கிறது. விவரத்துக்குப் பார்க்க வேண்டிய ஆளின் பெயர் பிரிமஸ். மனையின் உரிமையாளருடைய அடிமை.

அந்த பிரிமஸுக்கு ‘சீசர் 3’-இல் இடமில்லை. உழைக்கும் பாமரர் உண்டு, உழைக்காத செல்வர் உண்டு, அடிமை ஒருவர்கூட இல்லை. இறந்தவர்களுக்கும் இடமில்லை. ரோமானியச் சட்டம் ஊருக்குள் புதைப்பதைத் தடுத்ததால், ஊருக்கு வரும் சாலையின் இருபுறமும் கல்லறைகளே வரவேற்கும். ஆட்டத்தின் சாலையோரம் வெறும் புல். மாறாக, ஊர்களில் இல்லாத பொது மருத்துவமனை திரையில் இருக்கிறது. ரோமானியருக்கு மருத்துவமனை என்றால் பெரும்பாலும் படை முகாமில்தான். கிடங்கைத் திறந்தாலும் ஒரு குறை கண்ணில் படும். எண்ணெய், மது, இரும்பு, பளிங்கு எல்லாம் அடுக்கியிருக்கும். மிளகு மட்டும் இராது. சேர நாட்டு முசிறியிலிருந்து கப்பலேறிய மிளகுக்குப் பேரரசர் டொமிஷியன் ஆட்சியில் ரோமின் நடுவிலேயே தனிக் கிடங்கு கட்டப்பட்டிருந்தது.

பின்னால் வந்த விளையாட்டுகள் இந்தக் குறைகளில் சிலவற்றைத் தாண்டியிருக்கின்றன. 2015-இல் வந்த ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ இக்கால நகரங்களுக்கானது. ஆனால் உண்மையான நிலத்தின் மேடு பள்ளத்தை அப்படியே உள்ளே கொண்டுவரவும், எந்தக் கோணத்திலும் சாலை போடவும் அதில் வழி உண்டு என்பதால் பழைய ஊர்களை வரைபவர்கள் அதையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். கட்டடங்களை அவர்களே உருவாக்கிப் பகிர்கிறார்கள். எவ்வளவுதான் தூண்களை நட்டாலும் ஃபோரத்தைச் சுற்றி மோட்டார் கார்கள் ஓடுவதை அடக்குவதுதான் பாடு. 2025-இல் வெளியான ‘அன்னோ 117: பாக்ஸ் ரோமானா’ நேராக ரோமானிய உலகத்திலேயே, லேஷியத்திலும் ஆல்பியனிலும் நடக்கிறது. அங்கே வீட்டுக்குக் கிடைக்கும் சேவை தெருவில் அலையும் ஆளை நம்பியில்லை. நாற்சந்தி போட்டதற்காக எதுவும் எரியாது. ‘அன்னோ’ வரிசையில் முதல்முறையாகச் சாலையைச் சாய்வாகவும் போடலாம்.

டிம்காட்டுக்கே அந்தச் சாய்வு தேவைப்பட்டது. டிராஜனின் சதுரம் வெகு சீக்கிரத்தில் நிரம்பி, ஊர் மதிலைத் தாண்டி வழிந்தது. கேபிட்டலியம் கோயில், பெரிய குளியலகங்கள், செர்டியஸ் என்பவர் கட்டிக் கொடுத்த சந்தை எல்லாம் சதுரத்துக்கு வெளியேதான் எழுந்தன. மேற்கே லம்பேசிஸ் போகும் சாலையோரம் வளர்ந்த புறநகரில் அடிக்கோலுக்கு வேலையில்லை. தெருக்கள் வசதிப்படி வளைந்தன. டிராஜன் காலத்து ஊரைத் திரையில் கட்டிப் பார்த்துத் தோற்றவர், ஒரு நூறாண்டு கடந்த ஊரைக் கட்ட முயன்றால் ‘சீசர் 3’ கொஞ்சம் ஒத்துழைக்கும். மேற்குப் புறநகரின் வளைந்த நீளச் சாலையில் சந்திகள் குறைவு. பிரிஃபெக்ட் ஒரு கோடியில் கிளம்பி மறுகோடிக்குப் போய்த் திரும்புகிறான்.