பனிக்கடலுக்குப் பெட்டி கட்டுவோமா?

மாணவ நண்பர்களே, வருகிற டிசம்பரில் நீங்கள் அண்டார்க்டிகாவுக்குக் கப்பல் ஏறப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணச்சீட்டுக்குப் பணம் எங்கே என்ற கேள்வியைப் பெரியவர்களிடம் விட்டுவிடுவோம். பெட்டியில் எதை வைப்பது என்பதே நம் கேள்வி. அதற்குப் பாதி விடை உங்கள் இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது.

டிசம்பர் அங்கே கோடைக்காலம். சுற்றுலாக் கப்பல்கள் நவம்பர் முதல் மார்ச் வரைதான் செல்கின்றன. பெரும்பாலானவை அர்ஜென்டினாவின் தென்கோடியிலுள்ள உஷுவாயா துறைமுகத்திலிருந்து புறப்படுகின்றன. அவை சென்று சேரும் தீபகற்பக் கரையில் அப்போது வெப்பநிலை 0° செ.-ஐ ஒட்டியே இருக்கும். "இவ்வளவுதானா?" என்கிறீர்களா? காற்றை மறந்துவிட்டீர்கள்!

நம் உடற்சூட்டினால் வெதுவெதுப்பான ஒரு மெல்லிய காற்றுப்படலம் தோலையொட்டி நிற்கிறது. வீசும் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற அமெரிக்கர் இருவர், வெவ்வேறு காற்று வேகங்களில் நீர் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அண்டார்க்டிகாவிலேயே அளந்து 1945-இல் வெளியிட்டனர். 2001-இல் திருத்தப்பட்ட கணக்கின்படி, −5° செ. குளிரில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால், முகத்துக்கு அது −13° போலத் தோன்றும். வெப்பமானி மட்டும் −5° என்றே காட்டும். ஏன்? வெப்பமானிக்கு உடற்சூடு இல்லை. இழப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.

ஆகவே நாம் உடுத்த வேண்டியது உண்மையில் துணியை அல்ல, அசையாத காற்றை! காற்று ஓர் அரிதிற்கடத்தி. தடித்த ஒரே சட்டையைவிட மூன்று அடுக்குகள் மேல். உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய கம்பளி, நடுவில் காற்றைச் சிறைப்பிடிக்கும் பஞ்சு போன்ற ஆடை, வெளியே காற்றும் நீரும் புகாத மேலங்கி. பருத்திப் பனியனை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அதுதான் உற்ற தோழன். அங்கே அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே ஒட்டிக்கிடக்கும். நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டு காலுறைகளை இறுக்கமான பூட்சுக்குள் திணிப்பதும் வீண்வேலை. காற்றும் நசுங்கும், இரத்த ஓட்டமும் குறையும். கையுறையில் விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் வகையே நல்லது. குளிரில் படும் பரப்பு குறைகிறதல்லவா?

கருப்புக் கண்ணாடி வேண்டும். புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. காமிராவின் மின்கலங்களைச் சட்டையின் உட்பையில் வையுங்கள். குளிரில் வேதிவினை மந்தப்படும். அறைக்குத் திரும்புமுன் காமிராவைப் பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். இல்லாவிட்டால் அறைக்காற்றின் நீராவி அதன்மேல் முத்து முத்தாகப் படியும்.

வழியில் டிரேக் நீரிணை, சுமார் 800 கி.மீ. அந்த அட்சரேகையில் உலகைச் சுற்றிலும் தடுக்க நிலமே இல்லை. காற்றும் அலையும் தம் விருப்பம் போல் ஓடிவரும். ஏற்ற இறக்கப் பலகையில் நடுவில் உட்கார்ந்தவன் ஆடுவதில்லை. அறையைத் தேர்ந்தெடுக்கும்போதும் அப்படியே. கப்பலின் நடுப்பகுதி, கீழ்த்தளம். குமட்டலுக்கு டாக்டர் தரும் மாத்திரையை அலை தொடங்குமுன்பே விழுங்கவேண்டும்.

உயிர்காப்பு அங்கி அணியும் ஒத்திகையை மட்டும் ஒருபோதும் தவறவிடாதீர்கள். கடல்நீர் −1.8° செ. வரை உறையாது. அத்தகைய நீரில் விழுந்தவருக்கு முதல் நிமிடத்திலேயே மூச்சு திணறும்; பத்து நிமிடங்களில் கைவிரல்கள் சொன்னபடி கேளா. 2007 நவம்பரில் 'எக்ஸ்ப்ளோரர்' என்ற சுற்றுலாக் கப்பல் பனிக்கட்டியில் மோதி இங்கே மூழ்கியது. அதிலிருந்த 154 பேரும் உயிர்காப்புப் படகுகளில் இறங்கிச் சில மணி நேரம் குளிரில் காத்திருந்தனர். வேறொரு கப்பல் வந்து அத்தனை பேரையும் மீட்டது.

பெட்டியை மூடுமுன் சட்டைப்பைகளையும் பூட்சின் அடிப்பள்ளங்களையும் துலாவிப் பாருங்கள். அண்டார்க்டிகாவுக்கே உரிய பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டுதான். ஆனால் 'போவா அன்னுவா' என்ற அன்னியப் புல் மனிதரோடு போய்க் கிங் ஜார்ஜ் தீவில் வேரூன்றிவிட்டது. உங்கள் சட்டைப்பை மடிப்பில் ஒரு புல்விதை ஒளிந்திருந்தால் அதை இங்கேயே உதறிவிட்டுப் புறப்படுங்கள்.