மார்கழித் தக்காளிக்கு வெப்பம் எதற்கு?

குளிர்நாட்டுத் தோட்டக்காரர் கண்ணாடிக் குடில் கட்டுவது வெப்பத்துக்காக. திருவண்ணாமலையிலோ மார்கழி இரவிலும் வெப்பநிலை பெரும்பாலும் 18, 20 டிகிரி செல்சியஸ் அளவில் நின்றுவிடுகிறது. தக்காளி நன்றாகக் காய்பிடிக்க இரவில் வேண்டியதும் ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரிதான். ஆகவே கார்த்திகைத் தீபத்துக்குப் பிந்தைய இரண்டு மாதங்களே இங்கு அதற்குத் தோதான பருவம். சித்திரையில் பகல் 35 டிகிரியைத் தாண்டும்போது மகரந்தம் வீரியமிழந்து பூக்கள் உதிர்கின்றன. மொட்டைமாடிச் செடிகளை நாற்புறமும் பாலித்தீன் தாளால் மூடுகிறவர், அந்தச் சித்திரையை மார்கழியிலேயே விலை கொடுத்து வாங்குகிறார். உள்ளே நுழையும் வெயில் மண்ணையும் காற்றையும் சூடாக்குகிறது; சூடேறிய காற்று வெளியேற வழியில்லை.

அப்படியானால் கூரையே வேண்டாமா? வேண்டும், மழைக்காக. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. இலைகள் நனைந்தே கிடந்தால் கருகல் நோய் பரவும். மேலே மட்டும் தாள் போட்டுப் பக்கங்களைத் திறந்துவிடலாம். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய்க்குப் பூச்சிவலை அவசியம் என்பார்கள். நியாயம்தான். ஆனால் வலை காற்றையும் குறைக்கும், தேனீயையும் தடுக்கும். தக்காளிப் பூ தன்மகரந்தச் சேர்க்கை கொள்வதுதான். ஆனாலும் குழல்போன்ற மகரந்தப்பை அதிர்ந்தால்தான் மகரந்தம் கொட்டும். வெளியே அந்த வேலையைக் காற்றும், ரீங்கரித்துப் பூவை உலுக்கும் சில காட்டுத்தேனீக்களும் செய்கின்றன (வளர்ப்புத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது). வலைக்குள் வளர்ப்பவர் முற்பகலில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிட வேண்டும்.

உறைபனி விழும் உதகையில் மூடிய குடிலுக்கு வேலையுண்டு. திருவண்ணாமலையில் அது வீண்செலவு.