சீட்டு இருக்கிறது, வண்டி எங்கே?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள், கோமுகி அணையைத் தாண்டியதும் தங்களை மறந்துவிடுவார்கள். காற்று குளிர்கிறது, பாதை வளைகிறது, வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு ஒரு புதுக் கோலம் காட்டுகிறது. நாமும் அப்படித்தான் மெய்ம்மறந்து போய்க்கொண்டிருந்தோம். கரியாலூரை நெருங்கும் சமயம் ஒரு திருப்பத்தில் மூன்று குழந்தைகள் புத்தகப் பையுடன் நடந்து போவதைக் கண்டோம். மூத்தவளுக்குப் பத்து வயது இருக்கலாம். ஒரு கையில் தம்பி. மற்றொரு கையில் செருப்பு. சேற்றில் செருப்பு கெட்டுவிடுமாம்!

"பஸ் வராதா, அம்மா?" என்று கேட்டோம்.

"பெரிய ரோட்டுல வருமுங்க. எங்க ஊரு உள்ளாற இருக்குது."

"இலவசச் சீட்டு கொடுத்திருக்கிறார்களா?"

"இருக்குதுங்களே!" என்று பையைத் தட்டிக் காட்டினாள்.

தமிழ் நாட்டில் சர்க்கார் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் சர்க்கார் பஸ்ஸில் காசில்லாமல் பிரயாணம் செய்யலாம். மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சீட்டுக்கு ஒரு குறை உண்டு. அது தானாக ஓடாது. அதைக் காட்டி ஏறுவதற்கு ஒரு பஸ் வேண்டும். பஸ் வருவதற்கு ஒரு சாலை வேண்டும். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் மிதிவண்டி கொடுக்கிறது. சமவெளியில் மிதிவண்டி மனிதனைச் சுமக்கும். மலையில் பாதி வழி மனிதன்தான் அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

இந்த மலைக்கு எல்லாமே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த இப்பிரதேசத்தில் ஜாகீர் முறை ஒழிந்து சர்க்கார் நிர்வாகம் நேரே வந்தது 1976-ல்தான். தேசம் சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது வருஷங்களுக்குப் பிறகு! 2019-ல் கள்ளக்குறிச்சி தனி ஜில்லா ஆயிற்று. 2024 ஜூன் மாதத்தில் விஷச் சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, சென்னை ஹைகோர்ட்டு மலை ஜனங்களின் நிலைமையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. சாலை போட்டு முடியும் வரையில் சிறு பஸ்களையாவது விடலாகாதா என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. சாராயத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு பஸ்ஸில் வந்து நின்றதில் நமக்கு ஆச்சரியமில்லை.

சட்டத்தில் குறைவு ஒன்றும் இல்லை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள குழந்தைகளுக்கு உரியது. அதற்காக 2010-ல் டில்லியில் வகுத்த விதிகள், ஆரம்பப் பள்ளி ஒரு கிலோ மீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோ மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. கரடுமுரடான இடங்களில் அந்தத் தூரத்தையும் குறைக்க வேண்டுமாம். பள்ளிக்கூடம் வைக்க முடியாத சிற்றூர்களுக்கு இலவச வாகனமோ தங்கும் வசதியோ செய்து தர வேண்டுமாம். கல்வராயன் மலையில் பழங்குடியினருக்கான உண்டு உறைவிடப் பள்ளிகள் இருப்பது உண்மைதான். ஆனால் ஆறு வயதுக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிப்பதைவிட ஒரு ஜீப் வண்டி அனுப்புவது மேல் என்பது நமது அபிப்பிராயம்.

அந்த வண்டிக்குப் பணம்? 'சமக்ர சிக்ஷா' என்னும் திட்டத்தில் குழந்தை ஒன்றுக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய் வரை வாகனச் செலவுக்குக் கொடுக்க இடம் இருக்கிறது. 220 பள்ளி நாட்களுக்கு வகுத்துப் பாருங்கள். நாளுக்குச் சுமார் 27 ரூபாய். பத்துக் குழந்தைகள் உள்ள சிற்றூர் என்றால் 270 ரூபாய். அதில் டீசல் போட்டு, டிரைவருக்குக் கூலி கொடுத்து, காலையும் மாலையும் மலையில் ஏறி இறங்க வேண்டும்! இந்த அற்பத் தொகையும் தடையின்றி வந்தால்தானே? இத்திட்டத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு டில்லி கொடுக்க வேண்டும். புதிய கல்விக் கொள்கையோடு பிணைந்த 'பி.எம்.ஸ்ரீ' ஒப்பந்தத்தில் தமிழ் நாடு கையெழுத்திடவில்லை என்று, 2024-25-ஆம் ஆண்டுக்குரிய சுமார் 2,152 கோடி ரூபாயை டில்லி நிறுத்தி வைத்தது. 2025 மே மாதத்தில் சென்னை சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. மும்மொழி வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே நாம் புகப் போவதில்லை. சேற்றில் நடக்கிற குழந்தைக்கு மூன்றாவது மொழியும் தெரியாது, ஒப்பந்தமும் தெரியாது. பெரிய கணக்கு நின்றால் முதலில் ஆபத்து வருவது இத்தகைய சின்ன இனங்களுக்குத்தான். ஆசிரியர் சம்பளம் நின்றால் ஊர்வலம் வரும், வண்டி நின்றால் குழந்தை வீட்டில் நின்றுவிடும்.

பணக்கார தேசங்களிலும் இந்தக் கதைதான். இங்கிலாந்தில் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 2 மைல், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 3 மைல். அதற்கு அப்பால் பள்ளி இருந்தால் ஸ்தல ஸ்தாபனம் இலவச வாகனம் கொடுத்தாக வேண்டும். கஜானா வறண்டபோது அங்குள்ள பல கவுன்ஸில்கள் சட்டம் வற்புறுத்தாத வண்டிகளை, அதாவது பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களின் வண்டிகளை, வெட்டிவிட்டன. சட்டம் வற்புறுத்தியவை மட்டும் தப்பின.

கல்வராயன் மலை விஷயத்தில் நாம் கேட்பது அதிகமில்லை. பள்ளி திறக்குமுன், எந்தச் சிற்றூருக்கு எந்த வண்டி, எத்தனை குழந்தைகள், எந்த மாதம் வரை வாடகை கொடுத்தாயிற்று என்ற விவரங்களைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதட்டும். அதை அதிகாரியின் அறைக்குள் மாட்ட வேண்டாம். வெள்ளிமலையில் பஸ் நிற்கிற இடத்தில் மாட்டினால் போதும்.