ஒரே ஆள்... 6 பாட்டு! தானே பாடி தானே பதிந்த தமிழ்ப்பெண்

பெரம்பலூர், அரியலூர் பாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

ஒரு தாளப்பெட்டி. ஒரு மைக். யாரோ பயன்படுத்தி விற்றுவிட்ட பழைய டேப் ரிக்கார்டர்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு லண்டனில் ஒரு தமிழ்ப்பெண் 6 பாட்டு பதிவு செய்தார். வார்த்தை அவருடையது. மெட்டு அவருடையது. தாளம் தட்டியது அவர். பாடியது அவர். ரிக்கார்டர் பொத்தானை அமுக்கியதும் அவரே!

அந்த டேப் அவரை எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது.

அவர் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். வீட்டில் கூப்பிடுவது மாயா. உலகம் கூப்பிடுவது எம்.ஐ.ஏ. "தமிழ்ப்பெண்ணா? கேள்விப்பட்டதே இல்லையே" என்கிறவர்கள், "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்தில் ஏ.ஆர்.ரகுமானோடு சேர்ந்து "ஓ சாயா" பாட்டை பாடிய பெண் என்றால் புரிந்துகொள்வார்கள். ஆஸ்கார் பரிசுக்கு போட்டியிட்ட பாட்டு அது.

இவர் பிறந்தது 1975-ல் லண்டனில். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போனார். அப்பா இயக்கத்துக்காரர். ஈராஸ் அமைப்பை தொடங்கியவர்களில் ஒருவர். வீட்டில் தங்கமாட்டார். அம்மா கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். சண்டை முற்றியது. கொஞ்ச காலம் சென்னையில் இருந்தார்கள். 1986-ல் அகதியாக திரும்பவும் லண்டன். அப்போது மாயாவுக்கு 10 வயது முடிந்து 11 நடக்கப் போகிறது.

சங்கீதம் படிக்கவில்லை

ஒன்றை கவனிக்க வேண்டும். இந்தப் பெண் சங்கீதம் படித்தவர் இல்லை. ஆர்மோனியம் தெரியாது, கிடார் தெரியாது. கல்லூரியில் சினிமா படித்தார். படம் வரைவார். "எலாஸ்டிகா" என்று ஒரு இங்கிலாந்து பாட்டுக்குழு. அவர்களுடைய ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்து கொடுத்தார். 2001-ல் அவர்கள் அமெரிக்காவில் ஊர் ஊராக கச்சேரி செய்தபோது, வீடியோ கேமராவை தூக்கிக்கொண்டு கூடவே போனார்.

அங்கேதான் திருப்பம்.

அந்த கச்சேரிகளில் முதலில் மேடை ஏறியவர் கனடாவைச் சேர்ந்த பீச்சஸ் என்ற பாடகி. பின்னால் வாத்தியக்குழு கிடையாது. மேஜை மேல் ஒரு பெட்டி. ரோலண்டு கம்பெனியின் எம்.சி.505. டிரம்ஸ், கீபோர்டு எல்லா சத்தமும் அதிலேயே வரும். ஒரு பெண், ஒரு பெட்டி, கச்சேரி முடிந்தது! "நீயும் செய்து பார்" என்று மாயாவை தூண்டிவிட்டதும் பீச்சஸ்தான்.

மாயா லண்டன் திரும்பினார். அதே மாதிரி பெட்டியை வைத்துக்கொண்டு தட்டிப் பழகினார். கூடவே ஒரு 4 டிராக் ரிக்கார்டர்.

4 டிராக் என்றால் என்ன? கல்யாண கேசட் போட்ட பழைய ரிக்கார்டிங் கடைக்காரர்களுக்கு தெரியும். ஒரே டேப்பில் பக்கம் பக்கமாக 4 வழி. நாலு வழிச்சாலை மாதிரி. முதல் வழியில் தாளத்தை பதியலாம். டேப்பை திரும்ப சுற்றி, அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாவது வழியில் பாடலாம். மூன்றாவதில் கோரஸ். முன்னே பதிந்தது அழியாது. ஒரே ஆள் நாலு ஆள் ஆகிவிடலாம்!

இப்படி பிறந்த 6 பாட்டில் ஒன்று "கலாங்". 2003-ல் ஒரு சின்ன கம்பெனி அதை இசைத்தட்டாக போட்டது. எத்தனை தட்டு தெரியுமா? வெறும் 500. நம்மூர் கல்யாணத்துக்கு அடிக்கிற பத்திரிகை அளவுதான்.

அந்த 500 கை மாறி கை மாறி, பெரிய கம்பெனி தேடி வந்தது. 2005-ல் முழு ஆல்பம் வெளியானது. பெயர் "அருளர்". அது அப்பாவின் இயக்கப் பெயர்! எங்கேயோ இருக்கிற அப்பா கண்ணில் படட்டும் என்றுதான் அந்தப் பெயர் வைத்தாராம். பட்டது. ஆனால் "பெயரை மாற்று" என்று அப்பாவிடம் இருந்து சேதி வந்ததாம். மகள் மாற்றவில்லை. இங்கிலாந்தின் மெர்குரி பரிசுக்கு அந்த வருடம் அந்த ஆல்பமும் போட்டியிட்டது.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். கடைக்கு வந்த ஆல்பம் முழுவதும் அவர் தனியாக செய்தது அல்ல. கம்பெனி வந்தபிறகு வேறு இசை அமைப்பாளர்களும் கை கொடுத்தார்கள். ஆனால் கதவை திறந்தது அந்த டேப்தான்.

2007-ல் அடுத்த ஆல்பம். பெயர் "கலா". இந்த முறை அம்மா பெயர். அதில் ஒலிக்கும் வாத்தியம் என்ன தெரியுமா? உறுமி! சென்னைக்கு வந்து நம் உறுமிக்காரர்களை வைத்து பதிவு செய்தார். கோவில் கொடையில் கேட்கிற அதே உறுமி, அமெரிக்க டான்ஸ் கிளப்பில் அதிர்ந்தது.

சட்டைப் பையில் கிடந்த கேசட்

இது ஒன்றும் தனிக்கதை இல்லை. பீட்டில்ஸ் குழு உடைந்த 1970-ல் பால் மெக்கார்ட்னி லண்டன் வீட்டுக்குள் ஒரு 4 டிராக் மெஷினை வைத்து, எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து ஒரு ஆல்பம் போட்டார்.

அதைவிட வேடிக்கை அமெரிக்க பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கதை. 1982 ஜனவரியில் வீட்டில் உட்கார்ந்து, கேசட் போடுகிற 4 டிராக் ரிக்கார்டரில் கிடார் வாசித்து பாடினார். குழுவினருக்கு மெட்டு சொல்லிக்கொடுக்க மட்டும்தான் அந்த கேசட். உறை கூட இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு பெரிய ஸ்டூடியோவில் குழுவோடு அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். சரியாக வரவில்லை. திரும்ப திரும்ப செய்தும் அந்த கேசட்டில் இருந்த உயிர் இல்லை. கடைசியில் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டுவிட்டார்கள். "நெப்ராஸ்கா" என்று இன்றைக்கும் பேசப்படுகிறது.

உடையார்பாளையத்து குரல்

லண்டன், அமெரிக்கா இருக்கட்டும். நம்ம பக்கம்?

பாட்டு எழுதி, மெட்டு போட்டு, தானே பாடிய பெரிய ஆள் 19-ம் நூற்றாண்டிலேயே இங்கே இருந்தார். அரியலூர் பக்கத்து திருக்குன்றத்தைச் சேர்ந்த கனம் கிருஷ்ணையர். "கனம்" என்பது பட்டம் மாதிரி. அடிவயிற்றில் இருந்து குரலை எடுத்து பாடுகிற, எல்லாராலும் முடியாத ஒரு வழி. அதில் இவர் கெட்டிக்காரர். உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சி கல்யாணரங்கர் இவரை தன் சமஸ்தானத்தில் வைத்துக்கொண்டார். இவர் எழுதிய பதங்களை இன்றும் கச்சேரிகளில் பாடுகிறார்கள்.

அந்த பாட்டுகள் எப்படி தப்பின? தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதய்யரின் அப்பா உடையார்பாளையத்தில் இவரிடம் பாட்டு கற்றவர். அந்த வழியாக சாமிநாதய்யருக்கு வந்தது. அரியலூரிலும் குன்னத்திலும் சின்ன வயதில் வளர்ந்தவர் அவர். கனம் கிருஷ்ணையர் வரலாற்றை 1936-ல் புத்தகமாக போட்டார்.

வார்த்தை கிடைத்துவிட்டது. குரல்? எடிசன் ஒலிப்பதிவு மெஷினை கண்டுபிடித்ததே 1877-ல்தான். கிருஷ்ணையர் அதற்கு முன்பே போய்விட்டார். "கனம்" என்றால் எப்படி இருக்கும் என்று இன்றைக்கு யாராலும் கேட்க முடியாது.

லாரி... லாரி... லாரி...

இப்போது மெஷின் பஞ்சம் இல்லை. 4 டிராக் என்ன, அதைவிட பல மடங்கு வேலை செய்கிற வசதி பையில் இருக்கிற செல்போனிலேயே இருக்கிறது. பஞ்சம் அமைதிக்குத்தான்!

அரியலூரில் வீட்டில் உட்கார்ந்து பாடிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு போகும். சிமெண்ட் ஆலைக்கு ராத்திரி பகல் கிடையாது. லாரி விபத்து செய்தி எழுதி எழுதி எனக்கு கை சலித்துவிட்டது. பாட்டுக்குள்ளும் அந்த லாரி வந்துவிடும். பெரம்பலூர்க்காரர்களுக்கு சென்னை-திருச்சி நெடுஞ்சாலை. ரயில் சத்தம் மட்டும் இருக்காது. ரயிலே இல்லையே, எங்கே சத்தம்!

ஆடி மாதம் வந்தால் ஸ்பீக்கர். ராத்திரி 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதியே இருக்கிறது. விதி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே வீட்டில் பதிகிறவர்கள் தேடுவது ராத்திரி 2 மணி, 3 மணி. பேனை நிறுத்து. பிரிட்ஜை நிறுத்து. சோக் இரைகிற டியூப்லைட்டை அணை. சுவரில் பட்டு குரல் எதிரொலிக்காமல் இருக்க கொடியில் போர்வையை தொங்க விடு. துணி அடைத்த பீரோவை திறந்து வைத்து அதற்கு முன்னால் பாடினாலும் சரிதான். பஞ்சு சத்தத்தை குடிக்கும். பெரம்பலூர் பருத்தி விளைகிற சீமை. மெத்தைக்கா பஞ்சம்? நாலு மெத்தையை சுற்றி நிறுத்தினால் ஸ்டூடியோ தயார்! வேர்த்துக் கொட்டும். அதை பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பாட்டு திருடினால் ஜெயில்!

இனி முக்கியமான விஷயம். இது என் வேலை சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் அழுத்தி சொல்கிறேன்.

ஒரு பாட்டில் மூன்று உரிமை இருக்கிறது. வார்த்தைக்கு ஒன்று. மெட்டுக்கு ஒன்று. பதிவுக்கு ஒன்று. முதல் இரண்டும் எழுதியவருக்கு, மெட்டு போட்டவருக்கு. மூன்றாவது யாருக்கு? பதிவு செய்கிற முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவருக்கு. கம்பெனி பதிந்தால் கம்பெனிக்கு. நீங்களே பதிந்தால் உங்களுக்கு! மெத்தை நடுவில் வேர்க்க வேர்க்க பாடியவர் கையில் மூன்றும் சேர்ந்து இருக்கும். இதை தெரியாமல் யாராவது நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்து போட்டால் போச்சு.

பெரிய ஆட்களுக்கே இந்த பணத் தகராறு உண்டு. 2021-ல் வெளியாகி உலகம் முழுக்க ஓடிய "எஞ்சாயி எஞ்சாமி" பாட்டால் தங்களுக்கு இதுவரை வருமானமே வரவில்லை என்று இசை அமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பகிரங்கமாக சொன்னார். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டு அது!

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ம் ஆண்டு காப்புரிமை சட்டத்தை 2012-ல் திருத்தினார்கள். பாட்டு எழுதியவருக்கும் மெட்டு போட்டவருக்கும் வரவேண்டிய ராயல்டி பங்கை எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. வாரிசுக்கும் ராயல்டி வசூலிக்கிற சங்கத்துக்கும் மட்டும்தான் கொடுக்கலாம்.

தெரிந்தே திருடினால் 63-வது பிரிவு. 6 மாதம் முதல் 3 வருடம் வரை ஜெயில். அபராதம் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை. வாரண்டு இல்லாமலே போலீசார் கைது செய்யலாம், ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே சொல்லிவிட்டது. ஸ்டேஷனில் "பாட்டுக்கு எல்லாம் கேசா?" என்று சிரித்தால் இந்த தீர்ப்பை காட்டலாம்.

பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. ஆனால் கோர்ட்டில் அத்தாட்சி வேண்டுமே. காப்புரிமை அலுவலகத்தில் வார்த்தைக்கு ரூ.500, மெட்டுக்கு ரூ.500, ஒலிப்பதிவுக்கு ரூ.2 ஆயிரம். விண்ணப்பம் போட்ட பிறகு யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். டெல்லிக்கு ஓட வேண்டாம், வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில் அனுப்பலாம்.

எம்.ஐ.ஏ.வுக்கு 2019-ல் இங்கிலாந்து அரசு எம்.பி.இ. பட்டம் கொடுத்தது. அகதியாக வந்த அம்மா கலா லண்டனில் பல வருடம் செய்த வேலை என்ன தெரியுமா? இந்த மாதிரி பதக்கங்களுக்கு ரிப்பன் தைக்கிற கைவேலை. இதை மகளே சொல்லி இருக்கிறார்.