கையைத் தட்டுங்க... கழுத்தை அறுக்காதீங்க!

டிக்கெட் எடுத்தாச்சு. கேங் ரெடி. புது டி-ஷர்ட்டும் போட்டாச்சு. லைவ் கச்சேரிக்குக் கிளம்பிட்டீங்க... சந்தோஷம்! ஆனா மேடையில இருக்கறவங்க மட்டும் ஒழுங்கா இருந்தாப் போதாது பாஸ். பின் சீட்டுக்காரர் கச்சேரியை ரசிக்கறதும் நொந்துபோறதும் உங்க கையிலயும் இருக்கு. கீழே இருக்கற கேரக்டர்கள்ல நீங்க இருக்கீங்களானு ஒரு செக் பண்ணிக்கோங்க!

'கேமரா' கண்ணாயிரம்

முதல் பாட்டுலேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும் போனைத் தலைக்கு மேல தூக்கியே நிற்பார். பின்னாடி இருக்கறவங்களுக்கு மேடை தெரியாது, இவரோட ஸ்க்ரீன்தான் தெரியும். இதுல ஃப்ளாஷ் வேற! கொஞ்சம் இன்ஜினீயரிங் பேசுவோமா? போன் ஃப்ளாஷ் வெளிச்சம் சில மீட்டரைத் தாண்டாது. இருபதாவது வரிசையிலேர்ந்து அடிச்சா மேடை தெரியாது. முன் சீட்டு அங்கிளோட வழுக்கைதான் பளபளக்கும். பெரிய ஸ்பீக்கர் சத்தத்தைப் போனோட குட்டி மைக் தாங்காம, ஆடியோவும் கரகரனு உடையும்.

அமெரிக்காவுல யோண்டர்னு ஒரு கம்பெனி, 2014-ல ஆரம்பிச்சது. உங்க போனைப் பையில போட்டுப் பூட்டி உங்க கையிலயே கொடுத்துடுவாங்க. வெளியே வந்துதான் திறக்க முடியும். பாப் டிலனோட பல கச்சேரிகள்ல இதான் ரூல். இங்கேயும் பூட்டு வர்றதுக்குள்ள நாமளே திருந்திடலாமே! பிடிச்ச ஒரு பாட்டை மட்டும், நெஞ்சு உயரத்துல வெச்சு எடுங்க. அப்புறம் போன் பாக்கெட்டுக்கு!

'கேன்டீன்' கோவிந்தன்

மார்கழி சபாக்கள்ல இவரைப் பார்க்கலாம். மெயின் உருப்படி முடியற நேரம், மிருதங்கம், கடம், கஞ்சிராக் கலைஞர்கள்கிட்ட மேடையைக் கொடுக்கறதுதான் தனி ஆவர்த்தனம். அதுவரைக்கும் பாட்டுக்குத் தோள் கொடுத்தவங்களுக்குக் கிடைக்கறதே அந்தச் சில நிமிஷங்கள்தான். கரெக்டா அப்பதான் வரிசை வரிசையா எழுந்து காபி, வடைனு நடையைக் கட்டுவாங்க. அதுவும் வித்வான் கண் முன்னாடியே! ப்ராஜெக்ட் வைவாவுல நீங்க வாயைத் திறக்கறப்போ, எக்ஸ்டர்னல் டீ குடிக்கக் கிளம்பினா எப்படி இருக்கும்? அதே ஃபீலிங்தான் அவருக்கும்.

தாளக் கணக்கு தெரியலைனா பரவாயில்லை. மிருதங்கக்காரர் வாசிச்சதுக்குக் கடக்காரர் எப்படி பதில் சொல்றார், அந்தச் சவால் போகப்போக எப்படிச் சின்னதாகுதுனு கவனிங்க. கடைசியில எல்லாரும் சேர்ந்து ஒரே கோர்வையை மூணு தடவை அடிச்சு முடிப்பாங்க. அங்கே தட்டுங்க கையை! எழுந்தே ஆகணுமா? ரெண்டு உருப்படிக்கு நடுவுல போங்க.

'குத்துப்பாட்டு' குமார்

மெலடி ஆரம்பிச்சதுமே கத்துவார். 2017 ஜூலையில லண்டன் வெம்ப்ளியில ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரி. தமிழ்ப் பாட்டு அதிகம்னு சொல்லிச் சிலர் நடுவுலயே வெளியேறினாங்க. நிகழ்ச்சியோட பேரே 'நேற்று இன்று நாளை'ங்க!

நம்ம கல்ச்சுரல்ஸ் மட்டும் என்ன வாழுதாம்? முதல் தடவையா மேடை ஏறின ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுக்குக் கொஞ்சம் ஸ்ருதி விலகினா, உடனே 'ஊ'னு ஊளை. நமக்கு அது ரெண்டு நிமிஷ ஜாலி. அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் பேரே கொடுக்க மாட்டா.

இது காமெடி இல்லை

மேல சொன்னதெல்லாம் இம்சைதான். ஆனா கூட்டத்தைச் சாக்கா வெச்சுக் கை வைக்கறது இம்சை இல்லை, குற்றம். 2023 செப்டம்பர் 10-ம் தேதி சென்னை ஈ.சி.ஆர்-ல நடந்த 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில கட்டுக்கடங்காத நெரிசல். டிக்கெட் இருந்தும் பலர் உள்ளே போக முடியலை. நெரிசலுக்குள்ள தங்கள்கிட்ட அத்துமீறினாங்கனு பெண்கள் புகார் சொன்னாங்க. இடத்துக்கு மேல கூட்டம் சேர்ந்தது ஏற்பாட்டுக் கோளாறு. அந்தக் கைகள் யாரோடது? பக்கத்துல நின்ன ரசிகர்களோடதுதானே!

அதனால பக்கத்துல ஒரு பொண்ணு நெளியறது தெரிஞ்சா, 'நமக்கெதுக்கு வம்பு'னு திரும்பிக்காதீங்க. "ஏதாவது பிரச்னையா?"னு கேளுங்க. நகர இடம் விடுங்க. வாலன்டியரைக் கூப்பிடுங்க. உங்க கேங்ல ஒருத்தன் எல்லை மீறினா, முதல்ல தடுக்கவேண்டியது நீங்கதான். அன்னிக்கு அழுதுகிட்டே வீட்டுக்குப் போற பொண்ணை, அடுத்த கச்சேரிக்கு எந்த வீட்டுல அனுப்புவாங்க?

ஆடுங்க, பாடுங்க, தொண்டை கட்டற வரைக்கும் கோரஸ் கொடுங்க. ஆனா நீங்க கொடுத்த அதே காசைக் கொடுத்துத்தான் பக்கத்து சீட்டுக்காரரும் வந்திருக்கார். அதை மட்டும் மறக்காதீங்க மக்களே!