வீட்டு ஜெபமும் கைப்பிடி அரிசியும்

திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் குடும்பங்களில், இருட்டியதும் பாய் விரித்து, வேதபுஸ்தகத்தில் ஓர் அதிகாரம் வாசித்து, ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் இயற்றிய கீர்த்தனைகளுள் ஒன்றைப் பாடி, முழந்தாளிட்டுப் பிரார்த்திக்கும் வழக்கமே, பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதற் பாடசாலையாக இருந்து வந்திருக்கிறது. இராகம் பிசகினாலும் எவரும் பொருட்படுத்துவதில்லை. உலையில் இடுமுன் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்துச் சேர்த்து, ஞாயிறன்று ஆலயத்தில் படைப்பாளே, அந்தக் கைப்பிடி அரிசிக் காணிக்கையை நான் நீண்ட பிரசங்கங்களுக்கும் மேலாகவே மதிப்பேன். அயலாரிடத்திலோ, வாதத்தினும் உபசாரமே முந்திச் செல்லும்: கிறிஸ்துமஸ் நாளில் முறுக்கும் அதிரசமும் நிறைந்த தட்டு அண்டை இந்து வீட்டுக்குப் போகும்; தீபாவளியன்று அங்கிருந்து பலகாரம் இங்கே வரும்.